கம்பெனி வேனில் ஏறிய குரல்

அந்த வருடம் நான் கேமரா வைத்த செல்போன் வாங்கினேன். இரண்டாயிரத்து எட்டோ ஒன்பதோ, சரியாக நினைவில்லை. போனின் நிறம் மட்டும் நினைவிருக்கிறது, கருஞ்சிவப்பு. சாத்தூரிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் வரும் ஒரு கிராமத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தேன். பள்ளிக்கு ஆசிரியர்கள் இரண்டே பேர். பிள்ளைகளுக்குத் தலைமையாசிரியர் பெரிய சார், நான் டீச்சர். நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில் என் பொறுப்பு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்த வேகத்தில் போய்விடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வரும் என்பது உண்மை. போய்விடும் என்பதில் எனக்கே சந்தேகம்.

போன் வந்த முதல் வாரம் கண்ணில் பட்டதையெல்லாம் பிடித்தேன். சத்துணவு முட்டை, கொடிக்கம்பத்தில் உட்கார்ந்த காக்கை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் வாய் திறந்து தூங்கிய பெரிய சார். அதை அழித்துவிடச் சொல்லி அவர் மூன்று நாள் கெஞ்சினார். பிள்ளைகளுக்கெல்லாம் காட்டிச் சிரித்துவிட்டு நான்காம் நாள்தான் அழித்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான்காம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை இருந்தாள். பேச்சு திக்கும். திக்குகிற பிள்ளைகள் வாய் திறக்கவே தயங்கும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். அதை இவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. காலையில் நான் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஓடிவந்து பையை வாங்கிக்கொண்டு, நேற்று சாயங்காலம் முதல் ஊரில் நடந்த அத்தனையையும் ஒப்பிப்பாள். யார் வீட்டு ஆடு குட்டி போட்டது, எந்தத் தெருக் குழாயில் சண்டை, யார் வீட்டுக்கு விருந்தாள் வந்திருக்கிறார்கள் என்று எல்லாம் வரும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டால் வலது கையால் தொடையில் தட்டித் தட்டி அதைத் தாண்டி வருவாள். அவசரப்பட்டு நாம் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தால் கையை உயர்த்தித் தடுத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். அதனால் யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை. எனக்கும் அவள் பழக்கிவிட்டிருந்தாள். பொறுமை என்று என்னிடம் ஏதாவது இருந்தால் அது அந்தப் பிள்ளை போட்ட பிச்சை.

வகுப்பில் ஒருவரும் அவளைப் பார்த்துச் சிரித்ததில்லை. நல்ல பிள்ளைகள் என்பதால் என்று சொல்ல மாட்டேன். சண்டை வந்தால் பரம்பரையையே இழுத்துப் பேசும் வாய் அவர்களுக்கு. அங்கன்வாடியில் உருண்ட நாள் முதல் கேட்டுப் பழகியதால் அது அவர்களுக்கு ஒரு குறையாகவே படவில்லை. ஒருவனுக்கு மாறுகண், ஒருத்திக்குச் சுருட்டை முடி, இவளுக்கு இந்தப் பேச்சு. அவ்வளவுதான்.

காலைக் கூட்டத்தில் தினம் ஒரு பிள்ளை செய்தி வாசிக்க வேண்டும். பெரிய சார் பஸ்ஸில் வாங்கிவரும் பேப்பரில் ஐந்து தலைப்புகளுக்குக் கோடு போட்டுக் கொடுப்பார். அவள் முறை வந்தால் கூட்டம் பத்து நிமிஷம் நீளும். எந்தச் சொல்லில் எப்படி நிற்பாள் என்பதை நான் இங்கே எழுதவில்லை. ஒன்றாம் வகுப்புப் பொடிசுகள் கால் மாற்றிக் கால் நிற்கும், தலையைச் சொறியும், ஆனால் சத்தம் போடாது. ஆடி கழிந்த ஒரு காலையில் அவள் அப்படி ஐந்து செய்தியும் வாசித்து, கடைசியில் பேப்பரை மடித்து, "நன்றி, வணக்கம்" என்று டிவியில் சொல்வது மாதிரிக் கழுத்தைச் சாய்த்துச் சொன்னாள். முழுவதையும் நான் போனில் பிடித்தேன். பிடிக்கும்போது சிரிப்பு வந்தது. பிரியத்தில் வந்த சிரிப்புதான். ஆனால் சிரித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அந்த ஊரில் பெரும்பாலான வீடுகளில் அம்மாக்கள் பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவர்கள். தீபாவளி சீசனில் கம்பெனி வேன் விடியும் முன்னே வந்துவிடும். அவள் அம்மா முதல் டிரிப்பில் போய்விடுவார். மகள் கூட்டத்தில் நின்று செய்தி வாசித்து ஒரு நாளும் பார்த்ததில்லை. அவரிடம் போனும் கிடையாது. அம்மாக்களுக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் எங்களுக்கு வேன் டிரைவர்தான் வழி. ஒன்பது மணிக்கு இரண்டாவது டிரிப் பள்ளி வாசலில் நிற்கும். இன்னார் பிள்ளைக்குக் காய்ச்சல், இன்னார் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டால் போதும், சாயங்காலத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடும். அதே வழக்கப்படி அன்றும் நான் வேனுக்கு ஓடினேன். "அண்ணே, இத அவுக அம்மாட்ட போட்டுக் காட்டுங்க" என்று அந்த வீடியோவை ப்ளூடூத்தில் அவர் போனுக்கு அனுப்பினேன். இரண்டு போனையும் ஒட்டவைத்து நாலு நிமிஷம் நின்றோம். போய்ச் சேர்ந்ததும் இரண்டு பேருக்கும் பெரிய சந்தோஷம்.

மறுநாள் காலை டிரைவர் ஹாரன் அடித்து என்னைக் கூப்பிட்டார். அம்மாக்காரி பார்த்து அழுதுவிட்டதாகவும், வேனில் எல்லாப் பெண்களும் இரண்டு தடவை போடச் சொல்லிக் கேட்டதாகவும் சொன்னார். அன்றைக்கு முழுதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பட்டாசுக் கம்பெனிக்குள் செல்போன் கொண்டு போகக் கூடாது. போன் வைத்திருக்கும் பெண்கள் அதை ஒரு மஞ்சள் பையில் போட்டு வேனிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். டிரைவர்கள் அந்தப் பைகளைக் காவல் காத்தபடி கேட்டுக்கு வெளியே தள்ளி இருக்கும் வேப்பமரத்தடியில் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். தாயில்பட்டிப் பக்கத்து வேன், அச்சங்குளத்து வேன் என்று பத்துப் பன்னிரண்டு வண்டி நிற்கும். பொழுது போக வேண்டாமா? பாட்டு, காமெடி, சாமி படம் என்று ப்ளூடூத்தில் கை மாறிக்கொண்டே இருக்கும். என் மாணவியும் அப்படிக் கை மாறினாள். அங்கே யாரோ ஒருவர் அந்த நீண்ட செய்தியில் அவள் திக்கிய மூன்று வினாடியை மட்டும் கத்தரித்து ரிங்டோன் ஆக்கினார். எனக்கு அது அப்போது தெரியாது.

எனக்குத் தெரிந்ததெல்லாம், இரண்டு வாரத்தில் என் வகுப்பில் ஒரு சத்தம் கேட்க ஆரம்பித்தது என்பதுதான். கரும்பலகைப் பக்கம் நான் திரும்பியதும் பின்னாலிருந்து ஒருவன் அவள் மாதிரி திக்குவான். இன்னொரு மூலையிலிருந்து ஒருத்தி பதில் சொல்வாள். பிறகு அடக்க முடியாத சிரிப்பு. இத்தனை வருஷமாகச் சிரிக்காத பிள்ளைகள். அவள் முதல் நாள் திரும்பிப் பார்த்தாள். இரண்டாம் நாள் பார்க்கவில்லை. அந்த வாரத்துக்குப் பிறகு பஸ்ஸுக்கு வந்து என் பையை வாங்குவதையும் விட்டுவிட்டாள். வருகைப் பதிவுக்குப் பெயர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். செய்தி வாசிக்கும் முறை வந்தபோது வயிற்றைப் பிடித்துக் காட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.

நான் பிரம்பை எடுத்தேன். ஐந்தாம் வகுப்பில் ஒருவன்தான் இதற்கெல்லாம் தலைவன், அவனை எழுப்பி நிறுத்தினேன். அடிக்கப் போகிறேன் என்று தெரிந்தும் அவன் முகத்தில் திருட்டு முழியே இல்லை, உண்மையான குழப்பம்தான் இருந்தது.

"நாங்க அவள ஒண்ணும் சொல்லல டீச்சர். போன் அடிக்கிற மாதிரிதான் சொன்னோம்" என்றான்.

எந்தப் போன் என்று கேட்டேன். எங்க அப்பா போன், எங்க மாமா போன், கடைக்காரர் போன் என்று நாலா பக்கமிருந்தும் குரல் வந்தது. மூன்றாவது வரிசையில் ஒரு சிறுமி எனக்கு உதவி செய்கிற நினைப்பில் எழுந்து, "மொதல்ல உங்க போன்லதான் டீச்சர் இருந்துச்சு" என்றாள்.

பிரம்பைக் கீழே வைத்தேன். எங்கே வைத்தேன் என்றுகூட நினைவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா வந்தார். சீசனில் ஒரு நாள் லீவு போடுவது லேசான விஷயமில்லை. நாற்காலி போட்டும் உட்காரவில்லை. விரல் இடுக்கில் சோப்புக்குப் போகாத வெடிமருந்துக் கறையோடு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். திட்ட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க நல்லதுக்குத்தான் அனுப்புனீக டீச்சர். அத நான் குத்தஞ் சொல்லல. போன வாரம் வேன்ல வரும்போது யாரு போனோ அடிச்சுச்சு. எல்லாரும் சிரிச்சாக, நானும் சிரிச்சேன். சிரிச்சு முடிச்ச பொறவுதான் அது எம் பிள்ள சத்தம்னு தெரிஞ்சுச்சு. பெத்தவ நானே சிரிச்சுட்டேன் டீச்சர்."

 பிறகு, வீட்டிலும் அவள் பேசுவதில்லை என்றார். சோறு வேண்டுமா என்றால் தலையாட்டல், வேண்டாம் என்றாலும் தலையாட்டல். "அவ பழையபடி பேசணும் டீச்சர். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றார். அவ்வளவுதான் கேட்டார். எனக்குக் கொடுக்கத் தெரியாத ஒன்றைக் கேட்டுவிட்டு, அடுத்த வேனைப் பிடித்து அரை நாள் வேலைக்காவது போக வேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

எனக்குத் தெரிந்த வைத்தியம் கரும்பலகைதான். பிறர் மனம் புண்படப் பேசக் கூடாது, செல்போனைத் தவறாகப் பயன்படுத்தக் கூடாது என்று ஐந்து வரி எழுதிப் போட்டேன். பிள்ளைகள் அழகான கையெழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டார்கள். இடைவேளை மணி அடித்ததும் அந்தச் சத்தம் மைதானத்தில் கேட்டது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் மனதில் அவள் வேறு, போனிலிருந்து வரும் சத்தம் வேறு. போனில் வருவது யாரையும் குத்தாத வெறும் சத்தம், சினிமாப் பாட்டு மாதிரி.

அந்தச் சனிக்கிழமை இரண்டாவது டிரிப்பில் ஏறி நானே கம்பெனி கேட்டுக்குப் போனேன். வேப்பமரத்தடியில் டிரைவர்கள் என்னைப் பார்த்ததும் பீடியை மறைத்துக்கொண்டு எழுந்தார்கள். வழியெல்லாம் நான் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வசவு எங்கள் ஊர் டிரைவரைப் பார்த்ததும் வாயில் வந்து நின்றது. அவர் முந்திக்கொண்டார். "பிள்ள அழகா வாசிக்குதுன்னுதான் டீச்சர் நாலு பேருக்குக் குடுத்தேன். நீங்களும் அதுக்குத்தான குடுத்தீக" என்றார். அதற்குமேல் நான் என்ன திட்டுவது?

அவர்களே வட்டமாக உட்கார்ந்து போனை எடுத்தார்கள். ஒருவர் போனில் இருக்கிறதா என்று மற்றவர் பார்த்து, எட்டுப் பேர் அழித்தார்கள். இதை முதலில் வெட்டியது யார் என்று கேட்டேன். அவருக்கு இவர் கொடுத்தார், இவருக்கு வேறொரு கம்பெனி டிரைவர் கொடுத்தார் என்று அது போய்க்கொண்டே இருந்தது. எட்டுப் பேரும் ஆளுக்கு எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டபோது விரல் விட்டு எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்கள்.

தீபாவளித் துணி எடுக்க விருதுநகர் போயிருந்தேன். கடையில் நெரிசல். சேலையைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது. வெடுக்கென்று திரும்பினேன். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவர். சட்டைப் பையில் போன் அடிக்கிறது. அந்தப் பிள்ளை ஒவ்வொரு திக்கலுக்கும் கைகொட்டிச் சிரிக்கிறது. எனக்கு அந்த ஆளின் சட்டையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. அழுகையும் வந்தது. கிட்டே போய், அண்ணே, அந்த ரிங்டோனைத் தயவுசெய்து மாற்றிவிடுங்கள் என்றேன். ஏன், யாரது என்று கேட்டார்.

"எம் பிள்ள" என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. அங்கேயே, கூட்டம் இடிக்க இடிக்க நின்று, அதை அழித்து என்னிடம் காட்டினார். தெரியாதும்மா என்று இரண்டு தடவை சொன்னார். அவருக்குத் தெரியாதுதான். அவர் போனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சேலை எடுக்காமலே பஸ் ஏறிவிட்டேன்.

தீபாவளி முடிந்து பள்ளி திறந்த வாரம் என் கோபம் ஒரு காரியம் செய்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை. வகுப்பில் அதே ஐந்தாம் வகுப்புத் தலைவன் மறுபடி அந்தச் சத்தம் போட்டான். அன்றைக்கு அவனுக்கு ஜலதோஷம், மூக்கு ஒழுகி மேலுதட்டில் நின்றிருந்தது. நான் விறுவிறுவென்று போய் போனை எடுத்து அவன் முகத்துக்கு நேரே பிடித்தேன். "இருலே, இத எல்லாருக்கும் அனுப்புறேன்" என்றேன். அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். காது வரை சிவந்துவிட்டது. 

பத்து வயதுப் பிள்ளையிடம் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று போனைக் கீழே இறக்கினேன். நான் எதையும் பிடிக்கவில்லை என்று போனை அவன் கையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பார்த்தான். மூக்கைத் துடைத்துக்கொண்டான். அப்போது எனக்கே தெரியாமல் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"எதுக்குலே மூஞ்சிய மூடுன?"

"எல்லாரும் பாப்பாக டீச்சர்."

"போன்லதான பாப்பாக. ஒன்னய இல்லையே."

அவன் யோசித்தான். அவன் யோசித்து நான் பார்ப்பது அபூர்வம். "போன்ல இருந்தாலும் நாந்தான டீச்சர்" என்றான்.

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே எட்டியது. மெதுவாகத் தலையைத் திருப்பி அவள் உட்கார்ந்திருந்த பாயைப் பார்த்தான். மற்றவர்களும் பார்த்தார்கள். அவள் பாட அட்டையைப் பார்த்து ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாள், நிமிரவில்லை. நான் எல்லோர் முன்னாலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னைக் கேட்காமல் பிடித்தேன், உன்னைக் கேட்காமல் அனுப்பினேன், தப்பு என்னுடையது என்றேன். அவனிடமும் கேட்டேன். டீச்சர் மன்னிப்புக் கேட்டால் என்ன செய்வது என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. இரண்டு மூன்று பேர் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அதோடு அந்தச் சத்தம் நின்றது. ஆனால் அவள் பேசவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு உண்டு, கம்பெனி விளையாட்டு. வாட்ச்மேனாக ஒருவர் நிற்க, மற்றவர்கள் வரிசையில் வந்து செருப்பைக் கழற்றி, கையை விரித்து, உடம்பைத் தடவிச் சோதிக்க விட வேண்டும். பீடி, தீப்பெட்டி, போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. பிறகு உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொடுவது போலக் தண்ணீர்க் குழாய்க் கம்பியைத் தொட்டுவிட்டு உள்ளே போய், மணலை மருந்தாக வைத்துப் பட்டாசுக் குழாய் அடைப்பார்கள். அந்த மாதம் தினமும் அவள்தான் வாட்ச்மேன். எதற்கு அந்த வேலையையே எடுத்துக்கொள்கிறாள் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. வாட்ச்மேன் பேச வேண்டியதில்லை. தடவிப் பார்த்துத் தலையை அசைத்தால் போதும்.

ஒரு இடைவேளையில் நான் போய் வரிசையில் நின்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். என் முறை வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையை விரித்தேன். அவள் என் கையில் இருந்த போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கையை நீட்டினாள். கொடுத்தேன். விளையாட்டில் போன் என்று பிடுங்கிய கூழாங்கற்களைப் போட்டு வைத்திருந்த சாக்பீஸ் பெட்டியில் அதையும் போட்டு மூடினாள். மணி அடித்தும் திருப்பித் தரவில்லை. பெட்டியை வகுப்பு ஜன்னலில் வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம்தான் எனக்குப் போன் கிடைத்தது.

மறுநாள் முதல் அது சட்டமாகிவிட்டது. வகுப்பு வாசல்தான் கம்பெனி கேட். போன் பெட்டியில்தான் இருக்கும். யாரையாவது படம் பிடிக்க வேண்டும் என்றால் முதலில் அந்த ஆளைக் கேட்க வேண்டும், பிடித்ததைக் காட்ட வேண்டும், காட்டிய பிறகும் வேண்டாம் என்றால் அழிக்க வேண்டும். யாருக்காவது அனுப்புவதெல்லாம் அதற்கப்புறம்தான். இதையெல்லாம் நான் சொல்லவில்லை, அவர்களே பேசிப் பேசிச் சேர்த்தார்கள். ஐந்தாம் வகுப்புத் தலைவன் அதை "கேட்டியா, காட்டுனியா" என்று சுருக்கிவிட்டான். அது வீடுகளுக்கும் போனது. டிரைவர் மகள் எங்களிடம் இரண்டாம் வகுப்பு படித்தாள். தினமும் சாயங்காலம் அப்பா போனை வாங்கி ஒவ்வொரு படத்துக்கும் கேட்டியா, காட்டுனியா என்று விசாரிக்கிறாள், கம்பெனிக்கு வரும் ஆபீசர்கூட இம்புட்டு சோதிக்க மாட்டார் என்று அவர் என்னிடம் வந்து முறையிட்டார். முறையீட்டில் பெருமைதான் அதிகம்.

பொங்கல் கழிந்து கல்வி அலுவலர் ஒருவர் பள்ளியைப் பார்வையிட வந்தார். பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து அட்டை வைத்துப் படிப்பதை அறிக்கைக்காகப் படம் எடுக்க வேண்டுமாம். போனைக் கையில் தூக்கிப் பிடித்தபடி நேராக வகுப்புக்குள் கால் வைத்தார். பின்னாலேயே பெரிய சார் வியர்த்து வழிந்துகொண்டு வந்தார்.

அவள் எழுந்தாள். வாசலுக்குப் போய் அவர் முன்னால் நின்று கையை நீட்டினாள். அவர் கை குலுக்கக் கேட்கிறாள் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே குலுக்கினார், அப்படியே அவளைத் தாண்டப் பார்த்தார். அவள் விலகவில்லை. தலையசைத்துப் பார்த்தாள். அவருக்குப் புரியவில்லை. எங்கள் அத்தனை பேருக்கும் புரிந்தது, ஆனால் ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு நாக்கு துறுதுறுத்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

அவள் வலது கை தொடைக்குப் போனது. தட்ட ஆரம்பித்தது.

சார், போனை உள்ளே கொண்டு வரக் கூடாது. இவ்வளவுதான் அவள் சொல்ல வேண்டியது. முதல் சொல்லிலேயே மாட்டிக்கொண்டாள். நாலு மாதமாகப் பூட்டிக் கிடந்த வாய். அலுவலர் நல்ல மனிதர், உதவி செய்ய நினைத்து, "என்னம்மா, போட்டோ எடுக்கணுமா?" என்று எடுத்துக் கொடுத்தார். அவள் மற்றக் கையை உயர்த்தித் தடுத்தாள். தடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்தக் கையைப் பார்த்ததுமே எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முப்பத்து நாலு பிள்ளைகளும் பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள், பழைய காலைக் கூட்டத்தில் நின்றது போலவே, தலையைச் சொறிந்துகொண்டு, சத்தமில்லாமல். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசிச் சொல் வரை போய்ச் சேர்ந்தாள்.

அவர் போனைப் பெட்டியில் போட்டார். போட்ட பிறகு அவள் காரணத்தையும் விளக்கினாள். அதற்கு இன்னும் ஐந்து நிமிஷம் ஆனது. அன்று சாயங்காலம் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரை வந்தாள். நாலு மாதத்து ஊர்ச் செய்தி பாக்கி இருந்ததால் பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.

இப்போது அவள் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பட்டாசு லேபிள் வடிவமைக்கிறாள். ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் லேபிளில் போடக் குழந்தைப் படம் கொண்டுவந்தால், பிள்ளையின் வீட்டில் கேட்டீர்களா என்று விசாரித்த பிறகுதான் வேலையைத் தொடங்குவாளாம். முதலாளிக்குத் தலைவலி. திக்கல் அப்படியே இருக்கிறது, பேச்சும் குறையவில்லை.

இதை எழுதி முடித்ததும் அவளுக்குப் போன் செய்தேன். உன்னைப் பற்றி எழுதியிருக்கிறேன், போடலாமா என்று கேட்டேன். வாசிங்க என்றாள். முழுதும் வாசித்தேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள், அவளுக்கு அது பெரிய காரியம். முடிந்ததும் யார் பேரும் போட வேண்டாம் என்றாள். அந்த டிரைவர் மாமாவுக்குச் சங்கடமாக இருக்குமாம். பிறகு இன்னொன்று கேட்டாள். அவள் செய்தி வாசித்த இடத்தில், அந்தத் திக்கல் எப்படி இருக்கும் என்று எழுத்து எழுத்தாகக் கோடு போட்டுப் பிரித்து எழுதியிருந்தேன். வாசிக்கும்போது என் வாயும் அதை அப்படியே சொல்லிவிட்டிருந்தது.

"அத மட்டும் எடுத்துருங்க டீச்சர்" என்றாள். அவள் வேகத்தில்தான் சொன்னாள், நானும் காத்திருந்துதான் கேட்டேன். "மத்ததெல்லாம் நாந்தான். அது அந்த ரிங்டோன்."

எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு மறுபடி போன் செய்து, அந்த இடத்தை வாசித்தும் காட்டினேன்.